புள்ளிகளும் நாணயமும்

தமிழிலே ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. அரசு வெளியிடும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காப்பாற்றும் நேர்மையும் நாணயம். கைமாறும் உலோகத் துண்டுக்கும் மனிதனின் உள்ளத்து நேர்மைக்கும் நம் மக்கள் ஒரே பெயரை வழங்கியதில் நீண்டகால அனுபவம் ஒன்று அடங்கியுள்ளது. காசின் பின்னால் ஒரு வாக்குறுதி நிற்கின்றது. அவ்வாக்குறுதி பொய்க்குமாயின் காசு வெறுந் தகடாகிவிடும். இன்று உலகின் பெரிய ஹொட்டேல் கொம்பனிகள் தாமே ஒருவகை நாணயத்தை வெளியிட்டு வருகின்றன. அது உலோகமுமன்று, காகிதமுமன்று. கணக்கேட்டில் ஏறும் ஓர் எண் மட்டுமே. அதற்குப் ‘புள்ளி’ என்று பெயர். இந்தப் புள்ளிகளிடத்தே இரண்டாவது பொருளிலான நாணயம் உண்டா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

ஆடம்பர ஹொட்டேல்களில் தங்குவோரின் கணக்கு வழக்குகள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எதற்கு என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் ஒரு சமுதாயத்தின் அறநெறி பெருங் குற்றங்களில் மட்டும் வெளிப்படுவதில்லை. கொலையையும் களவையும் எல்லாச் சமுதாயங்களும் கண்டிக்கின்றன. எவற்றைக் கண்டிக்காது விடுகின்றன, எவற்றைக் குற்றமென்று நினைக்கவும் மறந்துவிடுகின்றன என்பதிலேயே அவற்றின் இயல்பு தெளிவாகும். அன்றியும் இத்தகைய புள்ளிகள் இன்று தூரதேசத்துப் பொருளாகவும் இல்லை. கொழும்பு வங்கிகளும் தம் கடனட்டைகளுக்குப் புள்ளிகள் வழங்குகின்றன. ஆயினும் இம்முறை தோன்றி வளர்ந்து முழு வடிவம் பெற்ற நாடு அமெரிக்கா. எனவே அங்கு வைத்தே இதனை ஆராய்வது பொருத்தம்.

வாடிக்கையாளருக்குப் பரிசு வழங்கும் வழக்கம் அந்நாட்டில் புதியதன்று. 1896 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்பெரி அன்ட் ஹட்சின்சன் என்ற கொம்பனி பச்சை முத்திரைகளை அச்சிட்டுக் கடைக்காரருக்கு விற்றது. கடைக்காரர் பத்துச் சதப் பொருளுக்கு ஒரு முத்திரை வீதம் வாடிக்கையாளருக்கு வழங்கினர். 1,200 முத்திரைகள் ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து விளக்கோ, பாத்திரமோ, படுக்கை விரிப்போ பெறலாம். 1960களில் இவ்வழக்கம் உச்சநிலை அடைந்திருந்தது. முத்திரைக்குக் கடைக்காரர் கொடுத்த பணம் பண்டங்களின் விலையில் ஏறியது என்பது வெளிப்படை. ஆகவே இல்லத்தரசி ‘இலவசமாக’ப் பெற்ற விளக்குக்கு அவளே சிறுகச் சிறுக விலை கொடுத்திருந்தாள். ஏமாற்று என்றாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது: கொடுத்தவளும் பெற்றவளும் ஒருத்தியே. இன்றைய புள்ளி இவ்விடத்திலேதான் வேறுபடுகின்றது. இங்கே கொடுப்பவர் வேறு, பெறுபவர் வேறு.

1981 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ், பறந்த தூரத்தைக் கணக்கிட்டுப் பயணிகளுக்குப் பரிசு வழங்கத் தொடங்கியது. 1983 இல் ஹொலிடே இன், மரியொட் ஆகிய ஹொட்டேல் நிறுவனங்களும், 1987 இல் ஹில்டனும் அவ்வழியைப் பின்பற்றின. இன்று மரியொட் நிறுவனத்தின் பெரும்பாலான ஹொட்டேல்களில் ஓர் உறுப்பினர் செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் 10 புள்ளிகள் கிடைக்கின்றன. ஆண்டுக்குப் பத்து இரவுகள் தங்கினால் அவர் ‘வெள்ளி’, இருபத்தைந்து இரவுகள் தங்கினால் ‘பொன்’, ஐம்பதுக்குப் ‘பிளாட்டினம்’, எழுபத்தைந்துக்கு ‘டைட்டேனியம்’. அந்நிய ஆட்சியாளர் நம்மவருக்கு முதலியார், முகாந்திரம் என்று பட்டஞ் சூட்டி விசுவாசத்தை விலைக்கு வாங்கிய கதை நமக்குப் பழக்கமானது. இங்கே பட்டங்களின் இடத்தை உலோகங்கள் பிடித்திருக்கின்றன. மரியொட்டின் உறுப்பினர் தொகை 2024 இல் இருபது கோடியைத் தாண்டிவிட்டது.

ஹொட்டேலில் ஓரிரவேனும் தங்காமலே புள்ளிகளைச் சேர்க்கவும் வழியுண்டு. வங்கிகள் ஹொட்டேல் நிறுவனங்களிடமிருந்து புள்ளிகளை மொத்தமாக விலைக்கு வாங்கி, அந்நிறுவனங்களின் பெயர் பொறித்த கடனட்டைகளை வெளியிடுகின்றன. அட்டையுடையவர் கடையில் அரிசி வாங்கினாலும் மருந்து வாங்கினாலும் புள்ளி ஏறுகின்றது. இவ்வாறு சேர்ப்பதை ஆங்கிலத்திலே உழைத்துச் சம்பாதிப்பதற்கு வழங்கும் சொல்லாலேயே குறிக்கின்றனர். தமிழில் நாமும் ‘ஈட்டுதல்’ என்கிறோம். ஈட்டுதல் என்பது முயற்சியின் பயனாகப் பெறுதல். ஒருவர் படுத்துறங்கியதற்கும் பொருள் வாங்கியதற்கும் ‘ஈட்டியது’ என்ன? ஈட்டியவர் எவரோ வேறொருவர் இருந்தாக வேண்டும். அவர் யாரெனத் தேடுவோமாயின் மூவரைக் காண்போம்.

முதலாமவர் தங்கும் செலவைக் கொடுப்பவர். பெரிய ஹொட்டேல்களில் அடிக்கடி தங்குவோருட் பலர் தம் சொந்தப் பணத்திற் தங்குவதில்லை. அரசோ, கொம்பனியோ, பல்கலைக்கழகமோ அவர்களை அனுப்புகின்றது. செலவையும் அதுவே ஏற்கின்றது. ஆனால் புள்ளி தங்கியவரின் பெயரில் ஏறுகின்றது. ஒரே தெருவில் 150 டொலருக்கு ஓர் அறையும் 200 டொலருக்கு மற்றோர் அறையும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஹொட்டேல் தருவது 2,000 புள்ளிகள். பொதுவான மதிப்பீடுகளின்படி அவற்றின் பெறுமதி இருபது டொலருக்குங் குறைவு. ஆயினும் அந்த இருபது டொலர் தம் பைக்கு வருவதால் பிறர் பணத்தில் ஐம்பது டொலரை வீணாக்க ஒருவர் துணிகின்றார். காரியாலயத்துக்குக் கடதாசி வாங்கும் எழுதுவினைஞர் விற்பவனிடம் ஐந்து ரூபா தரகு பெற்றால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்? அதே செயல் கம்பளம் விரித்த மண்டபத்தில் நிகழும்போது ‘விசுவாசத்துக்குரிய வெகுமதி’ எனப் பெயர் மாறுகின்றது.

இவ்வினா வெறுங் கற்பனையன்று. அமெரிக்க அரசாங்க ஊழியர் உத்தியோகப் பயணங்களிற் பெறும் இத்தகைய பலன்கள் முன்பு அரசுக்கே உரியனவாயிருந்தன. 2001 டிசெம்பரில் கையொப்பமிடப்பட்ட சட்டமொன்று அவற்றைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதியளித்தது. 2002 இல் அந்நாட்டு வருமானவரித் திணைக்களமும், தொழில்முறைப் பயணங்களால் வரும் இப்பலன்களைத் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவோரிடம் வரி கோரப் போவதில்லை என அறிவித்தது. அதே ஆண்டு யூலை மாத இறுதியில் ஜேர்மனியில் வேறொன்று நிகழ்ந்தது. சனநாயக சோஷலிசக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கிரெகோர் கீசி அப்போது பெர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சராக இருந்தார். முன்னர் பாராளுமன்ற உறுப்பினராக உத்தியோக விமானப் பயணங்களிற் சேர்த்த பரிசு மைல்களை அவர் சொந்தப் பயணங்களுக்குப் பயன்படுத்தியமை வெளியாயிற்று. கீசி பதவி துறந்தார். ஏனெனில் அம்மைல்களை உத்தியோகப் பயணங்களுக்கே செலவிட வேண்டுமென்பது அப்பாராளுமன்றத்தின் விதி.

தொகை அற்பம்; அதற்காக ஓர் அமைச்சர் பதவி விலக வேண்டுமா என்று அன்று கேட்டோர் உண்டு. ஆயினும் ஒரே பொருளை ஒரு நாடு ஊழியனின் உரிமையாக்கிய காலத்திலேயே மற்றொரு நாட்டில் அது ஓர் இடதுசாரித் தலைவரின் பதவியைப் பறித்தது. இதிலிருந்து நாம் தெளிய வேண்டியது யாது? புள்ளி யாருடையது என்பது இயற்கை விதித்த முடிவன்று. ஒரு சமுதாயம் பொதுச் சொத்தை எவ்வாறு மதிக்கின்றது என்பதைப் பொறுத்த முடிவு. சமத்துவம் பேசுவோருக்கு இதில் இன்னுமொரு பாடமுண்டு. பெரிய கொள்கைகளில் உறுதியாய் நிற்பவரும் சிறிய சலுகைகளிற் கண்ணயர்ந்துவிடலாம்.

வீட்டையும் பிள்ளைகளையும் பிரிந்து அலைவதற்கு இது ஈடு என்று பயணஞ் செய்வோர் கூறுவர். அக்குறை உண்மையானதே. ஆனால் பிரிவுக்கு ஈடு வேண்டுமாயின் அதனைச் சம்பளத்தோடு வெளிப்படையாகக் கேட்பதே முறை. அப்படிக் கேட்டால் அது இரவுபகலாக வண்டியோட்டும் சாரதிக்கும் உரியதாகும். புள்ளியோ உயர்ந்த அறையில் உறங்குபவருக்கு மட்டுமே கிடைக்கின்றது.

இரண்டாமவரை நாம் ஹொட்டேலிற் காணமுடியாது. அவர் கடையில் ரொக்கப் பணம் கொடுத்துப் பாணும் பாலும் வாங்குபவர். கடனட்டையால் விலை செலுத்தப்படும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் செலுத்துகின்றார். அமெரிக்காவில் அது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு டொலர். கடைக்காரர் இதனைத் தம் இலாபத்திலிருந்து மட்டும் கொடுப்பதில்லை. பண்டங்களின் விலையிலே சேர்த்துவிடுகின்றார். பெரும்பாலான கடைகளில் அட்டைக்கும் ரொக்கத்துக்கும் ஒரே விலை. ஆகவே அட்டையில்லாத ஏழையும் அக்கட்டணத்தின் ஒரு பங்கைச் செலுத்துகின்றார். புள்ளியோ அட்டையுடையவருக்குப் போகின்றது.

2010 இல் பொஸ்டன் நகர மத்திய ஒதுக்கு வங்கியைச் சேர்ந்த பொருளியலாளர் இதனைக் கணக்கிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ரொக்கம் பாவிக்கும் ஒவ்வொரு குடும்பமும் சராசரியாக ஆண்டுக்கு 149 டொலரை அட்டை பாவிக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கின்றது. அட்டை பாவிக்கும் ஒவ்வொரு குடும்பமும் 1,133 டொலரைப் பெறுகின்றது என அவர்கள் கண்டனர். வருமானத்தைக் கொண்டு நோக்கின், மிகக் குறைந்த வருமானமுடைய குடும்பம் ஆண்டுக்கு 21 டொலர் இழக்க, மிக உயர்ந்த வருமானமுடைய குடும்பம் 750 டொலர் பெறுகின்றது. 2023 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கடனட்டை பாவிப்போரையே எடுத்து நோக்கியது. அவர்களுக்குள்ளேயும் குறைந்த கல்வியும் வருமானமும் உடையோரிடமிருந்து கூடிய கல்வியும் வருமானமும் உடையோருக்கு ஆண்டுதோறும் 1,500 கோடி டொலர் கைமாறுகின்றது என்பது அதன் மதிப்பீடு. தவணை தவறி வட்டி கட்டுபவரின் பணத்திலே, கணக்கறிந்து காலத்துக்குக் கட்டுபவர் விடுமுறைக்குப் போகின்றார்.

செல்வரிடமிருந்து வரி வாங்கி வறியோருக்கு உதவ வேண்டுமென்று ஓர் அரசாங்கம் சட்டமியற்றினால் எத்தனை கூக்குரல் எழுகின்றது! வறியோரிடம் வாங்கிச் செல்வருக்குக் கொடுக்கும் இவ்வரியோ எந்தச் சட்டசபையும் விதித்ததன்று. அறவிடுபவனுக்கு வரி அதிகாரியின் உடையில்லை, செலுத்துபவனுக்குப் பற்றுச்சீட்டுமில்லை. செலுத்துகிறோம் என்ற உணர்வுகூட அவனுக்கில்லை.

மூன்றாமவர் அறையைத் துப்புரவு செய்யும் பெண். அமெரிக்க ஹொட்டேல்களில் இவ்வேலையைச் செய்வோருட் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுட் பலர் பிறநாடுகளிலிருந்து குடிபெயர்ந்தோர். பின்னர் மரியொட்டுடன் இணைந்த ஸ்டார்வூட் என்ற நிறுவனம் 2009 ஆம் ஆண்டளவில் ஒரு திட்டத்தைக் கொணர்ந்தது. “இன்று என் அறையைத் துப்புரவு செய்ய வேண்டாம்” என்று கூறும் விருந்தினருக்கு 500 புள்ளிகளோ, உணவுக்கென ஐந்து டொலர்ச் சீட்டோ வழங்கப்படும். நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தி இயற்கையைக் காக்கும் ‘பசுமைத் தேர்வு’ என்று இதற்குப் பெயரிட்டனர். விருந்தினரும் நற்செயல் புரிந்த மனநிறைவோடு அட்டையைக் கதவிலே தொங்கவிட்டுச் சென்றனர்.

கதவின் மறுபுறத்தில் நிகழ்ந்ததை அவர் காணவில்லை. துப்புரவு செய்யும் அறைகள் குறையவே வேலைக்கு அழைக்கப்படும் பெண்களின் தொகையும் நாள்களும் குறைந்தன. வேலை கிடைத்தவளுக்கோ சுமை கூடிற்று. மூன்று நான்கு நாள்கள் கூட்டாமற் கிடந்த அறையை ஒழுங்குபடுத்த இருமடங்கு நேரமாகும். நாளொன்றுக்கு முடிக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கையோ குறைக்கப்படவில்லை. 2018 ஒக்டோபரில் மரியொட் ஹொட்டேல்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7,700 தொழிலாளர் எட்டு நகரங்களில் வேலைநிறுத்தஞ் செய்தபோது, இத்திட்டமும் அவர்களின் முறைப்பாடுகளுள் ஒன்றாயிருந்தது. ஒரு வேலை வாழ்வதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் ஏந்திய முழக்கம். சன் பிரான்சிஸ்கோவில் அப்போராட்டம் இரண்டு மாதங்கள் நீடித்தது.

இத்திட்டத்தின் உட்பொருளைச் சிந்திப்போம். ஒரு பெண்ணின் கூலியில் ஒரு பகுதி நிறுத்தப்படுகின்றது. அதிற் சிறு துண்டு புள்ளியாக உருமாறி விருந்தினர் கையில் வைக்கப்படுகின்றது. எஞ்சியதை முதலாளி எடுத்துக்கொள்கின்றார். ஆட்குறைப்புக்கு விருந்தினரின் சம்மதம் 500 புள்ளிகளுக்கு வாங்கப்படுகின்றது. முதலாளி தாமே ஆளைக் குறைத்தால் அது சுரண்டல் என்று எல்லோருக்கும் விளங்கும். விருந்தினரின் கையாலே குறைத்தால் அது இயற்கைப் பற்று! மேலும், இச்சம்மதத்தின் தேவை தீர்ந்ததும் புள்ளியின் தேவையும் தீர்ந்தது. பெருந்தொற்றுக்குப் பின் 2021 இல் ஹில்டன் நிறுவனம், ஆடம்பர வகையல்லாத தன் அமெரிக்க ஹொட்டேல்களில் விருந்தினர் கேட்டாலன்றித் தினந்தோறும் துப்புரவு செய்யப்படமாட்டாது என அறிவித்தது. முன்பு பரிசு கொடுத்துப் பெற்றதைப் பின்னர் பரிசின்றியே எடுத்துக்கொண்டனர். 2024 செப்டெம்பரில் ஏறத்தாழ 10,000 ஹொட்டேல் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெருந்தொற்றுக் காலத்தில் வெட்டப்பட்ட வேலைகளைத் திரும்பத் தரவேண்டுமென்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று.

இவ்வாறு மூவரிடமிருந்து திரட்டியதைச் சேர்த்து வைத்திருப்பவரேனும் நிம்மதியாயிருக்கிறாரா? அதுவுமில்லை. எத்தனை புள்ளிகளுக்கு எந்த அறை என்ற நிலையான அட்டவணையை ஹில்டன் 2017 இலும் மரியொட் 2022 இலும் கைவிட்டன. நேற்று ஓர் இரவுக்குப் போதுமானதாயிருந்த புள்ளி நாளைக்குப் போதாமற் போகலாம். ஓர் அரசாங்கம் நாணயத்தின் பெறுமதியைக் குறைத்தால் மக்கள் தெருவிலிறங்குவர், தேர்தலிலே தோற்கடிப்பர். இந்த நாணயத்தை வெளியிடுபவரும் அதற்கு விலை குறிப்பவரும் ஒருவரே. அவரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாண்டுகள் கணக்கிலே அசைவில்லாவிடின் மரியொட்டின் புள்ளிகள் முற்றாக அழிந்துபோகும். விசுவாசம் ஒருபக்கத்துக் கடமை மட்டுமே.

2020 ஆம் ஆண்டு இவ்வுண்மையை அப்பட்டமாகக் காட்டிற்று. பெருந்தொற்றினால் அறைகள் வெறுமையாய்க் கிடந்தன. மரியொட் மட்டுமே பல்லாயிரக்கணக்கான ஊழியரைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பியது. அவ்வேளையில் ஹில்டன் நிறுவனம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு நூறு கோடி டொலருக்குப் புள்ளிகளை முன்கூட்டியே விற்றது. மரியொட் தன் இரு அட்டை வங்கிகளிடமிருந்து 92 கோடி டொலர் திரட்டியது. தங்குவதற்கு ஆளில்லை, கூட்டுவதற்கு ஆளில்லை. தங்குவதாகிய எதிர்காலக் கனவு மட்டும் விலைபோயிற்று. மனித உழைப்பை வேண்டாமென்று ஒதுக்கிய நாளிலும் அதன் நிழலுக்குச் சந்தையில் விலையிருந்தது.

இனி, நேர்மையான ஒருவர் எழுப்பக்கூடிய தடைக்கு விடை கூறுவோம். “கட்டணம் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. நான் புள்ளியை மறுத்தால் அது ஏழைக்குத் திரும்பிப் போகாது. வங்கியின் இலாபமாகவே மாறும். அப்படியாயின் என் துறவினால் யாருக்கு நன்மை?” என்று அவர் கேட்கலாம். இத்தடை வலிமையுடையது. தனிமனிதத் தூய்மையால் ஒரு பொருளாதார அமைப்பு மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. அமைப்பை மாற்றுவது சட்டத்தாலும் கூட்டுச் செயலாலுமே இயலும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் கடனட்டைக்கான வங்கியிடைக் கட்டணத்துக்கு நூற்றுக்கு 0.3 என்று உச்சவரம்பு விதித்தது. அமெரிக்காவில் வழங்குவது போன்ற பெரும் பரிசுகள் அங்கு இல்லாமைக்கு அது முக்கிய காரணம். அதனால் எவரும் அழிந்துவிடவில்லை.

ஆயினும் தனிமனிதனின் பொறுப்பு இத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. தன்னால் மாற்றமுடியாததற்கும் மாற்றக்கூடியதற்குமிடையிலுள்ள வேறுபாட்டை அவன் அறிந்திருக்க வேண்டும். பாலின் விலையிலே ஏறிய கட்டணத்தை அவன் தனியே இறக்கமுடியாது. ஆனால் பிறர் பணத்தில் அறை எடுக்கும்போது தன் புள்ளியை எண்ணாது அவர்தம் நலத்தை எண்ண அவனால் முடியும். அப்பணத்தால் வந்த புள்ளியை அதே நிறுவனத்தின் அடுத்த பயணத்துக்குச் செலவிடவும் முடியும். 500 புள்ளிகளை வேண்டாமென்று தள்ளி, அறையைக் கூட்ட வருபவளுக்குக் கதவைத் திறந்துவிடவும் முடியும். அவள் வேலைநிறுத்தஞ் செய்யும் நாளில் அவளுடைய அணிவகுப்பைக் கடந்து உள்ளே போகாதிருக்கவும் முடியும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தான் பெற்றது தன் முயற்சியின் பயனென்ற பொய்யை நம்ப மறுக்க முடியும். இது சிறிய விடயமன்று. கொடுத்தவரை மறக்கச் செய்வதே இம்முறையின் உயிர்நாடி. கொடுத்தவரை நினைவில் வைத்திருப்பவன், கட்டணத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டம் வரும்போது தன் சலுகை போகின்றதே என்று அதனை எதிர்க்கமாட்டான். கட்டுண்ட நடுத்தர வர்க்கத்தின் மௌனம் அவ்விடத்திலேதான் கலையும்.

‘விருந்து’ என்ற சொல்லின் மூலப்பொருள் புதுமை என்பதைத் தமிழாசிரியர் அறிவர். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன். அவனிடமிருந்து இனி என்ன வரும் என்று எண்ணாது அவனை உபசரித்தலே நம் முன்னோர் போற்றிய விருந்தோம்பல். புள்ளிமுறையில் புதியவனுக்கு மதிப்பில்லை. எத்தனை இரவுகள் வந்தாய், எத்தனை டொலர் தந்தாய் என்பதே கேள்வி. ஹொட்டேல் ஒரு வியாபாரத் தலம். அதனிடம் விருந்தோம்பலை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை எனலாம். சரி, விருந்தோம்பல் வேண்டாம், நாணயமாவது வேண்டாமா? அறைக்கு உரிய விலை, உழைத்தவளுக்கு உரிய கூலி, ரொக்கங் கொடுத்தவருக்கு அவர் வாங்கிய பண்டத்தின் விலை மட்டும்: இவ்வளவே நாம் கேட்பது. இம்மூன்றும் கிடைக்குமாயின் புள்ளிகளுக்குப் பெரும்பாலும் வேலையிராது.